சூரியனில் இரண்டு கோடுகள்

1

“படத்துக்குக் கீழை என்ரை பேர் கிடக்க வேணும், ஐயா.”

சிசிலியா கேட்டேவிட்டாள். கேட்கவே கூடாது என்று தாய் செபஸ்தியம்மா தலையில் அடித்துச் சொல்லியிருந்த ஒரே சங்கதி இதுதான். “பெரியாக்களிட்டை வேலை கேள், இருக்கக் கதிரை கேள், குடிக்கத் தண்ணி கேள். பேரை மட்டும் கேளாதை. குடுக்க மாட்டினம். குடுத்தாலும் ஏன் குடுத்தவை எண்டு நீ யோசிக்க வேண்டி வரும்.”

இந்த இடத்தில் நான் குறுக்கே வருகிறேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், நெடுகவும் வருவேன்.

இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்து வந்ததல்ல. ஒரு சஞ்சிகை ஆசிரியர் சைக்கிளில் வந்து இறங்கி, பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள்கள் நாலைக் கையில் தந்துவிட்டுக் கேட்டது. “ஒரு விஞ்ஞானக் கதை தாரும் பிள்ளை. பொம்பிளைப் பிள்ளை ஒண்டு வரட்டும். அரசியல் வேண்டாம். முடிவிலை ஒரு நம்பிக்கை இருக்க வேணும். உந்தத் தாளுக்கு மேலை போகாதையும், வேறை தாள் இல்லை.” தாளுக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றறிக்குத் தடை. நம்பிக்கை மட்டும் லொறியில் வந்து இறங்குகிறது என்று மனிதர் நினைத்திருக்கிறார்.

அதற்குச் சற்று முன்னர் நான் ஒரு கண்காட்சியில் சூரியனின் படம் ஒன்றைப் பார்த்திருந்தேன். படத்தின் நடுவில் இரண்டு கோடுகள் இருந்தன. நான் கண்டது அந்தக் கோடுகளை மட்டும். மிச்சம் முழுக்க என் புளுகு. சிசிலியா நீர்தானே என்று கேட்க வாயெடுப்பவர்களுக்கு: இல்லை. எனக்குச் சூரியனை நிமிர்ந்து பார்த்தால் தும்மல்தான் வரும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டி யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களை—”

(விட்டுவிட்டேன். இந்த ஊரில் சூரியன் கரம் நீட்டுவதில்லை. காதைப் பொத்தி அறைகிறது.)

இரண்டாவது: “1991ஆம் ஆண்டு, மின்சாரம் அறியாத இருளில் ஓர் இளம் பெண் விஞ்ஞானி—”

(இப்படி எழுதியதுதான் தாமதம், கன்னத்தில் கை வைத்தபடி ஒருத்தி யன்னலோரம் வந்து நின்றுவிட்டாள். கலைத்துவிட்டேன். அத்தோடு அவள் பார்ப்பது சூரியனை. அதற்கு இருள் எதற்கு?)

மூன்றாவது: “சூரிய அவதானிப்பு மன்றம் ஒரு வெள்ளிக்கிழமை, சுபவேளையில்—”

இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் ஓரிடத்தில் நின்றால் அது சங்கம். நாலாவது ஆள் வந்தால் அவர் போஷகர். சூரிய அவதானிப்பு மன்றத்துக்கும் தலைவர் இருந்தார், உபதலைவர்கள் இருந்தார்கள், செயலாளர், பொருளாளர், கணக்குப் பரிசோதகர் இருந்தார்கள். சூரியனை அவதானிப்பதற்கு என்று ஓர் ஆள்தான் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையை நிரப்பத்தான் சிசிலியாவைச் சேர்த்தார்கள். பதவி: உறுப்பினர்.

3

தலைவர் தியாகராசா வேலையிலிருந்து இளைப்பாறிய நில அளவையாளர். ஊரிலுள்ள வேலிகளையெல்லாம் அளந்து முடித்தபின் வானத்துக்கு ஏறியவர். அங்கே வேலி இல்லையே என்ற குறை அவருக்கு உண்டு.

பாதைகள் பூட்டுப்படுவதற்கு முன்னர் லண்டனிலிருந்து வந்த மகன் அவருக்கு வானம் பார்க்கிற ஒரு தொலைகாட்டியும், அதில் பூட்டுகிற ஓர் ஒளி வடியும் கொண்டுவந்து கொடுத்தான். அந்த வடி சூரிய வெளிச்சம் அத்தனையையும் படலையிலேயே மறித்துவிட்டு, ஐதரசன் வாயு விடுகிற ஒரேயொரு சிவப்பை மட்டும் உள்ளே விடும். படித்தவர்கள் அதை ஐதரசன்-அல்பா என்பார்கள். புகை பிடித்த கண்ணாடிக்குள் பார்த்தால் சூரியன் ஒரு வெறும் தட்டு. இதற்குள் பார்த்தால் மயிர் சிலிர்த்த மிருகம். விளிம்பில் தழல் எழும்பும், வளையும், அறுந்து விழும். முகத்தின்மேல் கரிய இழைகள் நெளிந்து கிடக்கும்.

ஒரு சிக்கல். வடி குறித்த சூட்டில் இருந்தால்தான் சரியான சிவப்பை விடும். சூட்டுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது.

இங்கேதான் யாகப்பு வருகிறார், சிசிலியாவின் தகப்பன். கொழும்புத்துறையில் அவருடைய வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. கடலுக்கு இறங்கினால் சுடுவார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ஊரே வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. யாகப்பு அதே சில்லில் இரண்டு டைனமோவைப் பூட்டிச் சூரியனுக்குச் சூடு காட்டினார். பாதிச் சூட்டை வெய்யில் கொடுக்கும். மீதி அவருடைய தோள்மூட்டின் பாடு.

வேலை நடந்தது தலைவர் வீட்டு வளவில். யாகப்பு அங்கே வந்துபோன காலம் முழுவதும் ஒருநாளாவது ஒருவரும் அவரை விறாந்தைக்கு ஏறச் சொன்னதில்லை. தண்ணீர் வந்தது. செம்பில் வந்தது. வளவுக்கே வந்தது. (இதைச் சொல்லி நான் அழவில்லை. பின்னால் ஒரு ‘எண்டாலும்’ வரும். அதற்காகச் சொல்லி வைக்கிறேன்.)

சிசிலியா பௌதிகத்தில் பட்டம் பெற்றவள், அவர்கள் குடியிருந்த ஒழுங்கையில் பட்டம் எடுத்த முதல் ஆள். பட்டமளிப்புப் படம் யேசுவின் திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மெழுகுதிரித் தட்டுப்பாட்டால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெழுகுதிரி. திருவிருதயம் தன் பங்கைச் செய்தது. பட்டம்தான் இன்னும் ஒரு வேலையை இறக்கித் தரவில்லை. வீட்டில் உழைக்க இனி இருப்பது அவள் ஒருத்திதான். வள்ளம் கவிழ்ந்த நாளிலிருந்து அது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

(“மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை ஏன் சூரியனைப் பார்க்குது? காரணம் ஒண்டு வையும்,” என்றார் சஞ்சிகை ஆசிரியர். நில அளவையாளர் ஏன் பார்க்கிறார் என்று அவர் கேட்கவில்லை. ஆகவே காரணம் வைக்கவில்லை.)

4

ஒருநாள் காலை. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம் பிள்ளை? கை கழண்டு போச்சு.”

“நிப்பாட்டாதேங்கோ அப்பா! வெடிக்குது!”

யாகப்பு பாதி எழும்பிவிட்டார். கண் பதுங்குகுழிப் பக்கம் போனது. “எங்கை?”

“சூரியனிலை.”

“அட, அவ்வளவும்தானே,” என்று குந்தி மறுபடி சுற்றத் தொடங்கினார்.

சூரிய முகத்தில் ஒரு கரும்புள்ளிக்குப் பக்கத்தில் கண்கூச ஒரு பிளவு விரிந்தது. சிசிலியா கண்ணை எடுக்கவில்லை. அதே நேரம் வேலிக்கு அப்பால், சிற்றலையில் செய்தி சொல்லிக்கொண்டிருந்த வானொலி இரைந்து, கம்மி, செத்தது.

“உவங்கள் அலையைக் குழப்பிப்போட்டாங்கள்!” வேலிக்கு அப்பால் ஒரு குரல்.

“ஆர் குழப்பினது?” இன்னொரு குரல்.

“வேறை ஆர்? உவங்கள்தான்!”

(உவங்கள் என்றால் எவங்கள் என்று இந்த ஊரில் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.)

“சூரியன் வெடிச்சால் சிற்றலை கொஞ்ச நேரம் படுக்கும், மாமா. தானா எழும்பும்,” என்று சிசிலியா வேலிக்கு மேலால் சொன்னாள்.

“இப்ப சூரியனும் அவங்கடை பக்கமோ?” என்றது வேலி.

அவள் தான் கண்டதைப் பென்சிலால் கீறினாள். அந்த வெடிப்பை, விளிம்பில் வளைந்த தழலை, முகத்தில் புழுப்போல நெளிந்த கரிய இழையை. கீறி முடித்துத் தலைவரிடம் காட்டினாள். தியாகராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

“வடிவாய்த்தான் கீறியிருக்கிறீர். ஆனால் கீறினதை ஆர் பிள்ளை நம்புவினம்? கண்காட்சி ஒண்டு வைக்கப்போறன். போட்டோப் படம் வேணும். படம்தான் சாட்சி.”

5

இப்போது முதல் வசனத்துக்கு வந்துவிட்டோம். போட்டோ எடுக்கச் சொன்னபோதுதான் அவள் அதைக் கேட்டாள்: கீழே என் பெயர் கிடக்க வேண்டும்.

தியாகராசா சிரித்தார். ஊரின் எல்லைக்கல்லெல்லாம் அறிந்த சிரிப்பு. “சூரியன் எல்லாருக்கும் பொது, பிள்ளை. அதுக்குக் கீழை ஆர்ரை பேரை எழுதுறது? கண்காட்சியிலை மன்றத்தின்ரை பேர் கிடக்கும். தலைவர் எண்ட முறையிலை என்ரை பேரும் கிடக்கும். போதாதோ?”

“எடுக்கிறது நான்தானே ஐயா.”

“பாப்பம், பாப்பம்.”

இந்த ஊரில் ‘பாப்பம்’ என்றால் பார்க்கப் போவதில்லை என்று பொருள். அவளுக்கும் தெரியும். ஆனால் கேட்ட வாய் கேட்டுவிட்டது. இனி விழுங்க முடியாது.

பிலிம் கிடையாது. ஸ்ரூடியோக்களில் மிஞ்சியிருந்த கடைசிச் சுருள்கள் அடையாள அட்டைக்கும் கலியாணத்துக்கும் போய்விட்டன. தலைவர் தனக்குத் தெரிந்த ஒரு டொக்டரைப் பிடித்து, காலாவதியான எக்ஸ்ரே பிலிம் கொஞ்சம் வாங்கி வந்தார். தலைவர் வீட்டுக் குளிப்பறையை இருட்டறையாக்கினார்கள். ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கைச் சுற்றிச் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். சிவப்பு வெளிச்சத்தில் அந்த பிலிம் பழுதாகாது. அந்த வெளிச்சத்திலே சிசிலியா நெஞ்செலும்புக்கு வெட்டிய பிலிமைக் கமராவுக்கு அளவாய் நறுக்கினாள்.

யாகப்பு சுற்றினார். அவள் எடுத்தாள். கழுவினாள். நீலம் பாரித்த வெறும் பிலிம் வந்தது. கூட நேரம் திறந்து எடுத்தாள். மறுபடியும் வெறும் பிலிம். கமராவில் ஓட்டை என்று நினைத்தாள்; ஓட்டை இருந்தாலாவது வெளிச்சம் பட்டு பிலிம் கறுத்திருக்குமே. வடி சூடேறவில்லை என்று நினைத்தாள். தகப்பனை இன்னும் வேகமாய்ச் சுற்றச் சொன்னாள்; அவர் இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் படுத்தார். செபஸ்தியம்மா எண்ணெய் பூசிக்கொண்டே மகளையும் சூரியனையும் சேர்த்துத் திட்டினாள்.

கடைசியில் ஒருநாள் குளிப்பறையில் குந்தியிருந்து நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்திரிக்கோலை நிறுத்திவிட்டு அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

சிவப்பில் பழுதாகாது என்றால், அந்த பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது. அவளோ சூரியனின் மற்ற நிறங்களையெல்லாம் மறித்துவிட்டு, தகப்பனின் தோளை முறித்து, சிவப்பை மட்டும் அதற்குக் காட்டிக்கொண்டிருந்தாள். பௌதிகத்தில் பட்டம்! சிரிப்பு வந்தது. பிறகு கத்திரிக்கோலைச் சுவரில் எறிந்தாள்.

“மீன் கிடக்கு, வலையும் கிடக்கு, கண்ணறைதான் பெரிசு எண்டு சொல்லன்,” என்றார் யாகப்பு, கையைத் தடவியபடி. “முதலே யோசிச்சிருந்தா என்ரை கை மிஞ்சியிருக்கும்.”

அன்றைக்கே தலைவரிடம் போய்ச் சொன்னாள். தன்னுடைய பிழை, இந்த பிலிமில் இந்தச் சூரியன் ஒருநாளும் விழாது, படம் இல்லை. தியாகராசா கேட்டுக்கொண்டிருந்தார். அழைப்பிதழ் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது, கோடு போட்ட கொப்பித் தாளில்: “யாழ் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட முதலாவது சூரியத் தழற் படம்.”

“நீர் போம் பிள்ளை. அதை நான் பாக்கிறன்.”

இந்த முறை அவர் ‘பாப்பம்’ என்று சொல்லவில்லை. அதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

6

இவ்விடத்தில் தியாகராசாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். ஆள் ஒரேயடியாய்க் கறுப்பாய் வந்துவிட்டார். இந்த எக்ஸ்ரே பிலிமில் எடுத்தது போல எலும்பு மட்டும் தெரிகிறது.

ஆகவே ஒன்று. முன்னொரு தரம் ஊரே ஓடியபோது அவரும் ஓடினார். எல்லோரும் நகையும் காணி உறுதியும் தூக்கிக்கொண்டு போக, மனிதர் இந்தத் தொலைகாட்டியைக் குழந்தை போலத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கோயில் மண்டபத்தில் அதற்குப் பக்கத்தில் படுத்தார். மனைவியின் நகைப்பெட்டி வீட்டில் கிடந்து போனது. அந்த அம்மா இன்றைக்கும் கறிக்கு உப்புப் போடும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார்.

இதை எழுதினால் நீங்கள் அவருக்கு இரங்குவீர்கள். எழுதாமல் விட்டால் நான் பொய்க்காரி. எழுதிவிட்டேன். அளவாய் இரங்குங்கள், அடுத்த பகுதியில் தேவைப்படாது.

7

கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் மேசை நகர்த்தவும் கதிரை அடுக்கவும் சிசிலியாவைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசிகசாலை மண்டபத்தின் நடுச்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தாம்பாளமளவு சூரியன். செந்தழல் நிறம். விளிம்பில் அழகான தழல்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய மடிப்பு. கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தியும் முற்றாய்ப் போகவில்லை. அந்த மடிப்பின்மேல், ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக, துருநிறத்தில் இரண்டு குட்டைக் கோடுகள்.

கீழே வெள்ளை மட்டையில், தலைவரின் முத்துமுத்தான கையெழுத்தில்: படப்பிடிப்பு – செல்வி சிசிலியா யாகப்பு.

அவளுக்கு உடனே தெரிந்தது. தலைவரின் அலுமாரியில் கிடந்த ஆங்கிலச் சஞ்சிகையின் நடுப்பக்கம். அதிலிருந்த சூரியக் கட்டுரையை அவருக்குத் தமிழாக்கிக் கொடுத்ததே அவள்தான். இரண்டு கோடும் புத்தகம் தைத்த கம்பி. கடற்காற்றில் துருப்பிடித்து, கழற்றிய பிறகும் அடையாளம் விட்டுப் போயிருந்தது.

“ஐயா, இது நாங்கள் எடுத்த படமில்லை.”

“சூரியன் ஒண்டுதானே பிள்ளை. ஆர் எடுத்தா என்ன?”

“புத்தகத்திலை வெட்டினது.”

“மெல்லக் கதையும். சனத்துக்குச் சூரியனைக் காட்ட வேணும். எங்களிட்டைப் படம் இல்லை, அவனிட்டைக் கிடக்கு. நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையள் வருங்கள், வெறும் சுவரையோ காட்டுறது?”

“அப்ப உங்கடை பேரைப் போடுங்கோவன்.”

தியாகராசா அவளை நிதானமாகப் பார்த்தார். கோபம் இல்லை. அந்தக் கோபம் இல்லாமைதான் அவளைச் சுட்டது.

“நீர்தானே பேர் கேட்டனீர்?”

அழைப்பிதழில் அவர் பெயர் இருந்தது. வரவேற்புரையில் இருந்தது. தொலைகாட்டியில் ஒட்டிய பித்தளைத் தகட்டில் இருந்தது. மண்டபம் முழுவதிலும் அவர் பெயர் இல்லாத இடம் அந்த ஒரு மட்டை மட்டும். நாளைக்கு எவனாவது மடிப்பைக் கண்டுபிடித்துக் கேட்டால், தலைவர் கையை விரித்துவிட்டு யாருடைய பெயர் கிடக்கிறதோ அவளைக் காட்டுவார்.

குடுத்தாலும் ஏன் குடுத்தவை எண்டு நீ யோசிக்க வேண்டி வரும். செபஸ்தியம்மா பள்ளிக்கூட வாசலைக் கண்டவளல்ல. அவள் கண்டது சனத்தை.

சிசிலியா கதிரைகளை அடுக்கி முடித்துவிட்டுப் போனாள். அடுத்தநாள் காலை தகப்பனிடம் சொன்னாள், “அப்பா, நீங்களும் வாங்கோ. சைக்கிளிலை ரண்டு டைனமோவும் பூட்டிக் கொண்டாங்கோ.”

“கண்காட்சிக்கு உது என்னத்துக்கு? என்னையும் காட்டப்போகினமோ?”

“கொண்டாங்கோவன்.”

8

குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை. சூரியனைப் பற்றிய கண்காட்சிக்கு மண்டபத்தின் யன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள், ஜாம் போத்தல் விளக்குகளில் படம் எடுப்பாய்த் தெரிய வேண்டுமாம். சனம் வியர்த்து வடிந்தது. உண்மைச் சூரியன் வெளியே, கேட்பார் இல்லாமல், ஓட்டில் ஏறி நின்றது. முற்றத்தில் தொலைகாட்டிக்கு மாலை போட்டு, சுற்றிவரக் கயிறு கட்டி, “தொட வேண்டாம்” என்று ஒரு மட்டை தொங்கவிட்டிருந்தார்கள்.

தியாகராசா பிரம்பால் படத்தைக் காட்டினார். மேடைத் தமிழ் வந்துவிட்டது. “இந்த இரண்டு கரிய இழைகளையும் பாருங்கள், மாணவச் செல்வங்களே! ஒவ்வொன்றும் எமது பூமியிலும் பன்மடங்கு நீளமானது!”

பிள்ளைகள் “ஆ” என்றார்கள்.

(நான் அந்தக் கூட்டத்தில் எங்கே நின்றேன் என்று கேட்காதீர்கள். விளக்குப் புகையில் எனக்குக் கண் எரிந்தது.)

“இதை எடுத்தவர் செல்வி சிசிலியா. கொழும்புத்துறைக் கடற்கரைப் பிள்ளை. எண்டாலும் நல்ல கெட்டிக்காரி.”

சனம் கை தட்டியது. எண்டாலும் என்ற சொல்லைத் தூக்கிப் பார்த்தால் அதற்குக் கீழே அந்தச் செம்பு இருக்கும், வளவில்.

பிரதம விருந்தினர் பரமலிங்கம், ஒரு பெரிய கல்லூரியின் அதிபர். வெள்ளை வேட்டி, குறைந்த பேச்சு. படத்துக்குக் கிட்ட வந்து நின்று பெயரை வாசித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“பௌதிகமோ?”

“ஓம் சேர்.”

“எங்கையும் படிப்பிக்கிறீரோ?”

“இல்லை சேர்.”

“தை மாதம் பள்ளிக்கூடம் துவங்க வாரும். உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்க ஆளில்லாமல் கிடக்கு. கரண்ட் இல்லாமல் உப்பிடி ஒரு படம் எடுத்த ஆளுக்கு மேலை எனக்கு என்ன சான்றிதழ்?”

தியாகராசாவின் முகம் தாமரையாய் மலர்ந்தது. சிசிலியாவுக்குக் கவிழ்ந்து கிடந்த வள்ளம் தெரிந்தது. தாய் அந்த ஒற்றை மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு, “இனிப் போதும், கேட்டது கிடைச்சிட்டுது,” என்று சொல்வது கேட்டது.

அதிபர் போகத் திரும்பியவர் நின்றார். படத்துக்கு மறுபடி கிட்டப் போனார்.

“பிள்ளை, எடுத்தனீர் நீர், நீரே சொல்லும். உந்த ரண்டு கோடும் என்ன? ஒரே நேரா, ஒரே அளவா, ட்ரில் மாஸ்டர் நிப்பாட்டி விட்ட மாதிரி நிக்குது?”

மண்டபம் அவளைப் பார்த்தது.

9

தாள் குறைந்துகொண்டு வருகிறது. முடிவுகள் என்னிடம் சில இருக்கின்றன.

சஞ்சிகை ஆசிரியருக்கான முடிவு: “அவை சூரிய இழைகள், சேர்,” என்றாள் சிசிலியா. தை மாதம் ஆசிரியை ஆனாள். யாகப்புவுக்கு உடுக்கப் புதுச் சாரம். நல்ல ஆசிரியை, பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். கொப்பி தைக்கிற கம்பியைக் கண்டால் மட்டும் அவள் ஏன் முகத்தைத் திருப்புகிறாள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. இதிலே நம்பிக்கை இருக்கிறது. சம்பளமும் இருக்கிறது. இதை ஒரேயடியாய்க் கேவலம் என்று சொல்லப் பயமாக இருக்கிறது. வள்ளம் கவிழ்ந்த வீட்டில் நான் இருந்து பார்க்கவில்லை.

எனக்குப் பிடித்த முடிவு: சிசிலியா கதிரையைத் தூக்கி ஓங்கிக் கண்ணாடியில்—

(வேண்டாம். கைதட்டலுக்காக எழுதுவது. அத்தோடு ஒரு கண்ணாடி உடைந்தால் இப்போது எங்கே வாங்குவது?)

ஊர் முடிவு: அந்த நேரம் பார்த்து குண்டு போடுகிற பொம்பர் இரைந்தது. எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். கேள்வி புழுதியில் கலந்தது. இங்கே கதை எழுதுகிற எல்லோருக்கும் கைவசம் இருக்கிற முடிவு இது. வழி தெரியாமல் நின்றால் ஆகாயத்திலிருந்து ஒன்றை இறக்கிவிடலாம். எழுதி, வெட்கத்தில் வெட்டினேன். அன்றைக்கு ஒரு பொம்பரும் வரவில்லை. வேண்டாத நேரம் எல்லாம் வருகிறது. வேண்டியபோது அதுவும் வராது.

10

“கம்பி, சேர்,” என்றாள் சிசிலியா.

“என்ன கம்பி?”

“புத்தகம் தைக்கிற கம்பி. ஒரு இங்கிலிசுப் புத்தகத்தின்ரை நடுப்பக்கம் இது. துருப்பிடிச்சுக் கிடக்கு. நான் எடுத்த படம் ஒண்டும் விழேல்லை. பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது எண்டது எனக்குப் பிந்தித்தான் தெரியும். அது என்ரை பிழை. இது என்ரை பிழையில்லை.”

யாரோ சிரித்து, இருமலாக்கினார். தியாகராசா பிரம்பை இடக்கைக்கு மாற்றினார். “பிள்ளை பகிடி விடுது, அதிபர். சின்னப்பிள்ளை…”

“ஐயா, பேர் கேட்டது நான்தான்,” என்றாள். படத்துக்குக் கிட்டப் போய் மட்டையின் மூலையில் நகத்தைக் கொடுத்து உரித்தாள். பசை காயவில்லை, முழுசாய் வந்தது. “கேட்ட பேர் என்ரை. அதை நான் கொண்டு போறன். நீங்கள் சூரியனை வைச்சிருங்கோ.”

பரமலிங்கம் தை மாதத்து வேலையைப் பற்றி மறுபடி வாயெடுக்கவில்லை. படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தன் வேட்டித் தலைப்பைப் பார்த்தார். வேலை கொடுக்கிறவர்கள் யோசிக்கும்போது அப்படித்தான் எங்காவது கீழே பார்ப்பார்கள். அவர் என்ன யோசித்தார் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாராவது அதிபராக இருந்தால் எழுதி நிரப்புங்கள்.

அவள் அவருக்காக நின்று பார்க்கவில்லை. காலையில் டைனமோவைப் பூட்டச் சொன்னபோதே முடிந்த காரியம் இது. நடுவில் வந்த வேலை அதன் விலையை ஏற்றியது, அவ்வளவுதான்.

கதவடியில் ஒருமுறை திரும்பினாள்.

“விளிம்பிலை இண்டைக்கு நல்ல தழல் ஒண்டு நிக்கும். நேற்றும் நிண்டது. பாக்க விருப்பமான ஆக்கள் வெளியாலை வாங்கோ.”

கதவைத் திறந்துகொண்டு வெய்யிலுக்குள் இறங்கிப் போனாள்.

என் தாளில் இன்னும் இரண்டு கோடுதான் வெறுமையாய்க் கிடக்கிறது. முற்றத்தில் கயிறு அவிழ்கிற சத்தம். “சுத்தட்டோ பிள்ளை?” என்று யாகப்பு கேட்கிற சத்தம். டைனமோ முனகத் தொடங்குகிறது. உங்களுக்கும் கேட்கும், நீங்கள் மண்டபத்துக்குள்ளேதான், படத்துக்கு முன்னால், கை தட்டிய அதே இடத்தில் நிற்கிறீர்கள். கதவை அவள் சாத்திவிட்டுப் போகவில்லை.